தையலும் துணியாக வேண்டும்

கைக்குழந்தை காரணம் தெரியாமல் ஓயாது அழும்போது, பசியா, வயிற்று வலியா, காது வலியா என்று எல்லாம் பார்த்து முடித்த மருத்துவர், குழந்தையின் சாக்ஸைக் கழற்றி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது உண்டு. சாக்ஸுக்குள் தொங்கிய ஒரு நூலோ, அம்மாவின் தலையிலிருந்து உதிர்ந்த ஒரு முடியோ விரலைச் சுற்றி இறுகியிருக்கலாம். குழந்தை காலை உதைக்க உதைக்க அது இன்னும் இறுகும். விரல் வீங்கும். வீங்கிய சதைக்குள் நூல் புதைந்து கண்ணுக்கே தெரியாமல் போகும். முதலில் விரலிலிருந்து திரும்ப வேண்டிய ரத்தம் தேங்குகிறது. பிறகு விரலுக்கு வர வேண்டிய ரத்தமும் நிற்கிறது. கவனிக்காமல் விட்டால் விரலையே இழக்க நேரிடும். மருத்துவ நூல்களில் இதற்குத் தனிப் பெயரும் தனிப் பக்கங்களும் உண்டு. கால்விரலில் சுற்றுவது பெரும்பாலும் முடி. கைவிரலில் சுற்றுவது பெரும்பாலும் கையுறையின் உள்நூல். அரிதாக நடப்பதுதான். ஆனாலும் குழந்தை ஆடையைப் பற்றிய ஒரு பெரிய உண்மையை அது சொல்லிவிடுகிறது. ஆடையின் தரத்தை நாம் வெளிப்பக்கத்தைப் பார்த்து முடிவுசெய்கிறோம். குழந்தைக்கோ உட்பக்கத்தோடுதான் இருபத்து நாலு மணி நேரமும் பழக்கம்.

கடையில் குழந்தைத் துணி எடுப்பவர்கள் விரல் நுனியால் துணியைத் தேய்த்துப் பார்ப்பார்கள்; சுத்தமான பருத்தியா என்று கேட்பார்கள். வீட்டில் பின்னல் ஊசி பிடிக்கப் பழகுபவர்கள் நல்ல கம்பளி நூலாகத் தேடுவார்கள். துணிகளை இணைக்கும் இடத்துக்கு வந்ததும் இரு சாராரின் அளவுகோலும் மாறிவிடுகிறது. தையல் நேராக இருக்கிறதா, இறுக்கமாக இருக்கிறதா, வெளியே தெரியாமல் இருக்கிறதா என்பதோடு சோதனை முடிந்துவிடும். வேட்டி ஓரம் அடிப்பதற்கும் ஜாக்கெட் தைப்பதற்கும் வந்த இலக்கணம் அது. பின்னல் துணிக்கு அது பொருந்தாது. பின்னலாடையில் நேர்த்தியான தையல் என்றால், துணி இழுபடும்போது தானும் இழுபட்டு, துணி வளையும்போது தானும் வளைந்து, தோலில் உறுத்தும் முனை எதையும் விட்டுவைக்காத தையல். சுருங்கச் சொன்னால், தையலும் துணியைப் போலவே நடந்துகொள்ள வேண்டும். இதை ரசனைக்கு விட்டுவிட வேண்டியதில்லை. அளந்தும் கணக்கிட்டும் காட்ட முடியும்.

நூல் நீளாது, கண்ணி நீளும்

பனியன் துணியைப் பிடித்து இழுத்தால் அது ஒன்றரை மடங்கு விரிகிறது. அதே பருத்தி நூலில் நெய்த வேட்டியை அந்த அளவுக்கு விரிக்க முடியாது. நூல் ஒன்றுதான், அது கிடக்கும் வடிவம்தான் வேறு. தறியில் பாவும் ஊடையும் ஏறக்குறைய நேர்கோடுகளாகக் கிடக்கின்றன. நேராகக் கிடக்கும் நூலை இழுத்தால், நூலே நீண்டால்தான் துணி நீளும். பருத்தி நூல் அவ்வளவு நீளாது. பின்னலில் நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாக நிற்கிறது. இழுத்தால் உருண்டையான கண்ணி ஒரு பக்கம் ஒடுங்கி மறுபக்கம் நீள்கிறது. பக்கத்துக் கண்ணியிலிருந்து கொஞ்சம் நூல் வழுக்கி வருகிறது. விட்டதும், வளைக்கப்பட்ட நூல் தன் பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கிறது. 2018-இல் பிரான்ஸ் நாட்டு இயற்பியலாளர்கள், நூலின் நீளம் மாறாது, அதன் வளைவு மட்டுமே மாறும் என்று வைத்துக்கொண்டு, ஒரு பின்னல் துணி இழுபடும் விதத்தைக் கணக்கில் கொண்டுவந்து காட்டினார்கள். அதற்கு வெகு முன்பே, 1959-இல், இங்கிலாந்தின் டி. எல். மண்டன், தளர்ந்து கிடக்கும் பின்னல் துணியின் அளவைத் தீர்மானிப்பது அடிப்படையில் ஒரு கண்ணிக்குச் செலவாகும் நூலின் நீளம்தான் என்று நிறுவியிருந்தார். துணி என்ற சொல்லை நாம் நூலோடு சேர்த்தே நினைக்கிறோம். பின்னலைப் பொறுத்தவரை அதன் குணத்தில் பெரும்பகுதி நூலில் இல்லை; நூல் போட்டிருக்கும் வளைவில் இருக்கிறது.

கண்ணியை எந்தப் பக்கமாக இழுத்தெடுக்கிறோம் என்பதை மாற்றினாலே, அதே நூல் வேறொரு துணியாகிவிடும். எல்லாக் கண்ணிகளும் ஒரே முகமாக இருப்பது சாதாரணப் பின்னல். திருப்பூரில் சிங்கிள் ஜெர்சி என்பது இதைத்தான். ஒரு செங்குத்து வரிசை முன்முகம், அடுத்த செங்குத்து வரிசை பின்முகம் என்று மாறி மாறி வந்தால் ரிப். பனியன் கழுத்திலும் ஸ்வெட்டரின் மணிக்கட்டிலும் இருப்பது அது. ரிப்பில் பின்முகக் கண்ணிகள் உள்ளே ஒடுங்கிக் கொள்வதால் துணி விசிறி மடிப்பு போலச் சுருங்கி நிற்கிறது. அகலவாட்டில் இழுத்தால் மடிப்பு விரிந்து நெடுந்தூரம் கொடுக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் எலிசபெத்தா மாட்சுமோட்டோவின் குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வு, இப்படி நான்கு வகைப் பின்னல்களை ஒப்பிட்டு, கண்ணிகளின் அடுக்கு மாறினாலே துணியின் விறைப்பும் நெகிழ்வும் மாறுவதைக் காட்டியது. பாட்டிமார் கைப்பழக்கத்தில் அறிந்திருந்த விஷயம்தான். அது கணிதமாக எழுதப்பட்டுவிட்டது என்பதுதான் புதிது.

இந்தக் குணத்துக்கு ஒரு விலையும் உண்டு. சாதாரணப் பின்னலை வெட்டினால் அதன் ஓரம் சுருளும். மேல், கீழ் ஓரங்கள் முன்முகம் நோக்கியும் பக்கவாட்டு ஓரங்கள் பின்முகம் நோக்கியும் சுருட்டிக்கொள்ளும். வளைத்து நிறுத்தப்பட்ட நூல் நிமிரப் பார்ப்பதுதான் காரணம். ஒரு கண்ணி அறுந்தால் அதைப் பிடித்து நின்ற அடுத்த கண்ணியும் விடுபட்டு, ஏணிப்படி போல நூல் ஓடிவிடும். நெய்த துணியில் ஊசி நூலை ஒதுக்கிவிட்டுப் போகும்; தவறி ஒரு நூலைக் குத்தி அறுத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. பின்னலில் அதே கூர் ஊசி ஒரு கண்ணியை அறுத்தால் முதல் சலவைக்குப் பிறகு அங்கே ஓட்டை தெரியும். பின்னல் துணிக்கென்று முனை உருண்டையான தையல் ஊசிகள் வந்தது இதனால்தான். அவை கண்ணியைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு இறங்குகின்றன.

தலை பெரிது, கழுத்து சிறிது

குழந்தையின் உடல் பெரியவர் உடலின் சிறு பதிப்பு அல்ல. பிறந்த குழந்தையின் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு தலை. வளர்ந்தவரில் அது ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான். நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்று சுமார் 35 செ.மீ. பிறக்கும்போது மார்புச்சுற்று அதைவிட ஓரிரு செ.மீ. குறைவாகவே இருக்கும். நமக்குச் சட்டை தோளில் மாட்டும். குழந்தைக்குத் தலையிலேயே மாட்டிவிடும். ஒரு சிறு கணக்கு போடலாம். கழுத்துத் துவாரத்தின் சுற்று 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதற்குமேல் போனால் சட்டை தோளிலிருந்து நழுவும். 25 செ.மீ. துவாரம் 35 செ.மீ. தலையைக் கடக்க வேண்டுமானால் 10 செ.மீ. விரிய வேண்டும். அதாவது 40 விழுக்காடு. ரிப் துணிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கேள்வி, அந்த ரிப்பை உடம்புத் துணியோடு இணைக்கும் தையல் 40 விழுக்காடு நீளுமா என்பதுதான்.

வீட்டுத் தையல் மெஷினின் நேர்த்தையலில் மேல்நூல் ஒன்று, பாபின் நூல் ஒன்று. இரண்டும் துணியின் நடுவே ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. ஒரு மீட்டர் தையலுக்கு இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நூல் செலவாகும். பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒன்றேகால் மீட்டர். அதிலும் ஒரு பகுதி துணியின் கனத்தைக் கடந்து மேலும் கீழும் போய்வருவதில் தீர்ந்துவிடுகிறது. மிச்சம் இருக்கும் கையிருப்பு 40 விழுக்காட்டுக்குப் போதாது. தலையை நுழைக்கும்போது 'பட்' என்று கேட்பது இந்தக் கையிருப்பு தீர்ந்த சத்தம். மூன்று நூல் ஓவர்லாக்கில் அதே ஒரு மீட்டருக்குச் சுமார் 14 மீட்டர் நூல் இறங்குகிறது. துணியின் கனத்தையும் தையலின் நெருக்கத்தையும் பொறுத்து இந்த அளவுகள் கூடும், குறையும். ஆனாலும் வித்தியாசத்தின் பரிமாணம் அதுதான். அந்த 14 மீட்டரும் வீணாகப் போவதில்லை. துணியின் ஓரத்தைச் சுற்றிக் கண்ணி கண்ணியாகக் கிடந்து, துணி விரியும்போது தானும் விரிந்து கொடுக்கிறது. வேறு சொல்லில் சொன்னால், ஓவர்லாக் என்பது துணியின் ஓரத்தில் போடப்பட்ட ஒரு குட்டிப் பின்னல். பின்னல் துணியை இணைக்க இன்னொரு பின்னலே தேவைப்படுகிறது.

கையால் பின்னுபவர்களுக்கும் இதே கணக்குதான். கடைசி வரிசைக் கண்ணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தாண்டவிட்டு முடிக்கும்போது, பழகுபவர்கள் நூலை இறுக்கிவிடுவார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் அந்த ஒரு வரிசையில் நூல் கையிருப்பு இல்லை. கீழே இருக்கும் ரிப் எவ்வளவு விரிந்தாலும் மேல்விளிம்பு கயிறு மாதிரி நின்றுவிடும். கடைசி வரிசையை மட்டும் ஒரு சுற்றுப் பெரிய ஊசியால் முடிப்பது என்ற பழைய கைவழக்கத்துக்கு அறிவியல் விளக்கம் இதுதான்.

பிசிறின் இயற்பியல்

இழுபடுவது ஒரு சோதனை. வளைவது இன்னொன்று. ஒரு தகட்டின் கனம் இரட்டித்தால் அதன் விறைப்பு இரட்டிப்பதோடு நிற்காது. கனத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். இரண்டு அடுக்குத் துணி ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்படி தளர்வாகக் கிடந்தால் விறைப்பு இரண்டு மடங்குதான். ஒட்டியது போல இறுகிவிட்டால் எட்டு மடங்கு. தையல் ஓரத்தை ஒரு பக்கமாகப் படியவிடும்போது அங்கே மூன்று அடுக்கு சேர்கிறது. தளர்வாக இருந்தால் மூன்று மடங்கு, முழுவதும் இறுகினால் 27 மடங்கு. உண்மையான தையல் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். எந்த எல்லைக்கு அருகில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது நூலின் இழுவிசை. 'இறுக்கித் தை' என்று பழக்கும் கை, ஒவ்வொரு இழுப்பிலும் அந்தச் சட்டைக்குள் ஒரு குச்சியைச் செருகிக்கொண்டிருக்கிறது. நாள் முழுதும் மல்லாந்து கிடக்கும் குழந்தை, தோள்பட்டையிலும் முதுகிலும் தன் முழு எடையோடு அந்தக் குச்சியின் மேல்தான் படுத்திருக்கிறது. வியர்வை சேரும் கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் ஈரத்தோல் இன்னும் எளிதில் உரசிச் சிவக்கும்.

அந்தத் தோலும் நம் தோலைப் போன்றதல்ல. மேல்தோலின் வெளி அடுக்கு குழந்தைகளில் பெரியவர்களைவிடச் சராசரியாக 30 விழுக்காடு மெல்லியதாக இருப்பதை 2010-இல் வெளியான தோல் ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. அதன்மேல் என்ன உறுத்தும், என்ன உறுத்தாது என்பதை விளக்க நல்ல வழி கம்பளி ஆராய்ச்சியில் கிடைக்கிறது. சில கம்பளிகள் குத்துவதற்கு ஒவ்வாமைதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது வெறும் இயந்திரவியல். துணியிலிருந்து துருத்தி நிற்கும் இழைமுனை தோலைத் தொடும்போது, வளைந்து கொடுத்தால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. வளையாமல் நின்று தோலை அழுத்தினால் குத்துகிறது. வளையாமல் எவ்வளவு விசை தாங்கும் என்பது இழையின் விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏற்பக் கூடுகிறது. துருத்தி நிற்கும் நீளத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. 20 மைக்ரான் இழையைவிட 30 மைக்ரான் இழை ஐந்து மடங்கு விறைப்பாக நிற்கும். அதனால்தான் 20 மைக்ரானுக்குக் கீழே இருக்கும் மெரினோ கம்பளி மென்மையாகவும், 30 மைக்ரானைத் தாண்டிய முரட்டுக் கம்பளி குத்துவதாகவும் தோன்றுகின்றன.

இந்தச் சூத்திரத்தைத் தையல் நூலுக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. லேபிள் தைக்கச் சில இடங்களில் பயன்படும், தூண்டில் நரம்பு போன்ற ஒற்றை நைலான் இழையின் விட்டம் 100 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். விட்டத்தை மட்டும் கணக்கில் எடுத்தாலே 20 மைக்ரான் இழையைவிட 625 மடங்கு விறைப்பு. துணி எவ்வளவு மென்மையான பருத்தியாக இருந்தும் கழுத்தின் பின்னால் குழந்தைக்குச் சிவந்து போவதன் ரகசியம் பல நேரம் இதுதான். அடுத்தது இன்னும் முக்கியம். துருத்தும் முனையின் நீளம் பாதியானால் அது குத்தும் விசை நான்கு மடங்காகும். பனியன் கம்பெனிகளில் பிசிறு வெட்டுவது தனி வேலை. தைத்து வந்த ஆடையில் தொங்கும் நூல்களையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து நறுக்கி எடுப்பார். நீளமாகத் தொங்கும் பிசிறு விரலைச் சுற்றும், ஆகவே அதை விடக்கூடாது. ஆனால் விறைப்பான நூலை ஒட்ட நறுக்கினால் அது முள்ளாகிவிடும். சரியான வழி மூன்றாவது. முனையை மழுங்கிய ஊசியில் கோத்துத் தையலுக்குள்ளேயே சில செ.மீ. திரும்ப ஓட்டி, பிறகு வெட்ட வேண்டும். கைப்பின்னலில் நூல்முனைகளை உள்ளோட்டுவது பலருக்கும் பிடிக்காத கடைசி வேலை. அதைத் தவிர்த்துவிட்டுச் செய்யும் மற்ற நேர்த்தியெல்லாம் வீண்.

தையலுக்காக ஒரு கலகம்

துணியைப் போலவே நடந்துகொள்ளும் தையல் சாத்தியமா என்றால், இருக்கிறது. கைப்பின்னலில் இரண்டு துண்டுகளின் திறந்த கண்ணிகளை ஊசியில் கோத்த நூலால், பின்னல் எந்த வழியில் போகுமோ அதே வழியில் இணைத்துக்கொண்டு போகும் முறை ஒன்று உண்டு. முடிந்த பிறகு பார்த்தால் இணைப்பு இருந்த இடத்தில் இன்னொரு பின்னல் வரிசைதான் இருக்கும். மேடு இல்லை, ஓரம் இல்லை. இதற்கு பிரிட்டிஷ் தளபதி கிச்னரின் பெயர் நிலைத்திருக்கிறது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சிப்பாய்களுக்கு வீட்டுப் பெண்கள் சாக்ஸ் பின்னி அனுப்பிய காலத்தோடு அந்தப் பெயரை இணைத்துச் சொல்வார்கள். விரல்நுனியில் உரசும் ஒரு சிறு மேடு, நாள்கணக்கில் பூட்ஸ் கழற்றாதவனுக்குப் புண்ணாகிவிடும். பக்கவாட்டு ஓரங்களுக்கு வேறு முறை. முன்முகத்தை மேலே வைத்து, ஓரக் கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடையில் ஏணிப்படி போல் தெரியும் குறுக்கு நூலை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று எடுத்துக் கோத்துப் போக வேண்டும். சில செ.மீ. ஆனதும் நூலை மெல்ல இழுத்தால் இரண்டு ஓரங்களும் உள்ளே திரும்பி மறைந்துவிடும். இங்கேதான் கற்பவர்கள் தவறுகிறார்கள். இழுத்து மூடியதும் தையலை நீளவாட்டில் ஒருமுறை விரித்துவிட வேண்டும். அப்போது துணிக்குத் தேவையான நூலைத் தையலே திரும்ப எடுத்துக்கொள்ளும்.

தையலின் தரம் வயிற்றுப்பாட்டுப் பிரச்சினையாகவே வெடித்த வரலாறும் உண்டு. ஊசிகளைச் சுற்றுவாக்கில் வைத்து நீள்காலுறையைக் குழாயாகப் பின்னிய கைப்பின்னல்காரர்களுக்குப் பின்தையலே தேவைப்படவில்லை. 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ உருவாக்கிய பின்னல் சட்டகம் வேகமாகப் பின்னியது, ஆனால் தட்டையாகத்தான் பின்னியது. தட்டைத் துண்டை உருளையாக்கப் பின்னால் ஒரு தையல் வந்து சேர்ந்தது. அதிலும் நல்ல தொழிலாளி துண்டின் ஓரத்தைப் பின்னும்போதே கட்டி முடிப்பார், ஓரம் பிரியாது. பிறகு அகலமான துணியைப் பின்னி, அதைக் காலுறை வடிவத்தில் வெட்டித் தைத்து மலிவாக விற்கும் முறை பரவியது. வெட்டிய ஓரத்தில் கண்ணிகள் திறந்து கிடந்ததால் தையல் சீக்கிரமே விட்டுப்போனது; தொழிலின் நற்பெயரும் கூலியும் சேர்ந்து விழுந்தன. 1811-இல் நாட்டிங்காம் பகுதியில் சட்டகங்களை உடைத்த லட்டைட்டுகளின் குறைப்பட்டியலில் இந்த வெட்டித் தைத்த காலுறையும் இருந்தது. இயந்திரத்தை வெறுத்த மூடர்கள் என்று பின்னாளில் பெயர் வாங்கியவர்கள், மற்ற குறைகளோடு ஒரு மோசமான தையலையும் எதிர்த்தே நின்றார்கள். வெட்டிய ஓரத்தைக் கட்டுவதற்கு நம்பகமான இயந்திர வழி, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மெரோ குடும்பத்தார் 1881-இல் கொண்டுவந்த ஓரப்பின்னல் இயந்திரத்திலிருந்துதான் வளர்ந்தது. இன்றைய ஓவர்லாக்கின் மூதாதை அது.

சில மறுப்புகள்

தையலே இல்லாமல் செய்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்பது முதல் மறுப்பு. நியாயமான கேள்வி. அந்தத் திசையில் நல்ல பதில்களும் வந்திருக்கின்றன. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன் 1968-இல் வடிவமைத்த குழந்தைச் சட்டை உலகெங்கும் பின்னப்படுகிறது. ஊசியிலிருந்து இறங்கும்போது உருவமே புரியாத ஒற்றைத் துண்டு. குறிப்பிட்ட விதமாக மடித்தால் முன்பக்கம், முதுகு, கை எல்லாம் அமைந்துவிடும். தைக்க வேண்டியது தோள்மேல் இரண்டு சிறு ஓரங்களை மட்டும். ஜப்பானின் ஷிமா செய்கி நிறுவனம் 1995-இல் முழு ஆடையையும் தையலின்றிப் பின்னி இறக்கும் இயந்திரத்தை அறிமுகம் செய்தது. அந்த நிறுவனத்தின் தொடக்கமே கையுறை பின்னும் இயந்திரம்தான். நம் திருப்பூரில் வட்டப்பின்னல் இயந்திரத்தில் துணி குழாயாகவே இறங்குகிறது. உடம்பின் அளவுக்கே குழாய் பின்னி, பக்கத்தையல் இல்லாமல் பனியன் வெட்டுவது அங்கே பழைய வழக்கம். ஆனால் தையல் இல்லாததே முழு விடை ஆகிவிடாது. குழாயாகப் பின்னினாலும் கழுத்து, அக்குள், விளிம்பு முடிப்பு, நூல்முனை எல்லாம் மிச்சம் இருக்கின்றன. கடைசி வரிசையை இறுக்கி முடித்த தையலில்லாச் சட்டை, நன்றாக இணைத்த தையல் சட்டையைவிட மோசமாகவே இருக்கும்.

தையல் வேண்டும், அதுதான் ஆடைக்கு முதுகெலும்பு என்று தேர்ந்த பின்னல்காரர்கள் சொல்வார்கள். இது எதிர்ப்பக்கத்து மறுப்பு. பெரியவர்களின் கனமான ஸ்வெட்டரில் அது உண்மை. ஆடையின் எடை முழுதும் தோளில் தொங்குவதால், தோள் தையல் நீளாமல் இருக்க வேண்டும். டி-சர்ட்டின் தோளில் தையலோடு சேர்த்து ஒரு நாடா வைத்துத் தைப்பது அதற்காகத்தான். துணியைப் போல் நடந்துகொள்வது என்றால் எல்லா இடத்திலும் ஒரே அளவு இழுபடுவது என்று பொருளல்ல. அந்த இடத்தில் துணி செய்ய வேண்டிய வேலையைத் தையல் கெடுக்கக்கூடாது என்பதுதான். கழுத்து விரிய வேண்டும், தோள் நிற்க வேண்டும். குழந்தைச் சட்டையின் எடை மிகக் குறைவு என்பதால் தோளுக்கும் அங்கே கடினமான தாங்கல் தேவைப்படுவதில்லை. பெரியவர் ஆடையின் கட்டமைப்பை அப்படியே சுருக்கிக் குழந்தைக்குக் கொடுக்கக்கூடாது.

நம் ஊர் வெயிலுக்குப் பின்னலாடையே எதற்கு, ஜப்லாவும் பழைய வேட்டித் துணியும் போதாதா என்றும் கேட்கலாம். போதும். அந்த வழக்கத்துக்குள் இருக்கும் அறிவை ஒப்புக்கொள்ளவும் வேண்டும். பலமுறை துவைத்த வேட்டியில் கஞ்சி இல்லை, விறைத்த முனை இல்லை, பெரும்பாலும் தையலே இல்லை. முழுதும் திறந்து முடிச்சிடும் ஜப்லா, 35 செ.மீ. தலைப் பிரச்சினையை விரிவால் தீர்க்காமல் திறப்பால் தீர்க்கிறது. மாட்டுவதற்குத் தலையைக் கடக்க வேண்டியதே இல்லை. ஜப்பானில் பச்சிளங்குழந்தைகளுக்கான உள்ளாடையும் முன்னால் மடித்து முடிச்சிடுவதுதான். அதில் தையல் ஓரங்களையும் லேபிளையும் வெளிப்பக்கம் வைத்தே தைக்கிறார்கள். பார்வைக்குத் திருப்பிப் போட்டது போலத் தோன்றும். தோலின் பக்கம் நின்று யோசித்தால் அதுதான் நேர்ப்பக்கம். ஜப்லாவில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: முடிச்சு முதுகில் விழுந்தால் குழந்தை அதன்மேல்தான் படுக்கும்; முன்னால் விழும்படி தைப்பது நல்லது. ஆக, ஜப்லா இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு எதிர்ச்சான்று அல்ல. அதே கேள்விக்கு நெய்த துணி சொன்ன பதில்.

கடைசி மறுப்பு நடைமுறை சார்ந்தது. ஓவர்லாக் மெஷின் எல்லார் வீட்டிலும் இல்லை. 14 மீட்டர் நூல் செலவும் சும்மா இல்லை. உண்மைதான். ஆனால் தேவையானது மெஷினின் பெயரல்ல, நூலின் கையிருப்பு. சாதாரண மெஷினில் குறுகலான ஜிக்ஜாக் போட்டாலே நூல் நேர்கோட்டைவிட நீளமான பாதையில் போகிறது. துணி நீளும்போது கோணம் விரிந்து கொடுக்கிறது. கைத்தையலில் வெறும் ஓட்டுத்தையலுக்குக் கையிருப்பு இல்லை. ஒரு அடி முன்னால் போய் அரை அடி பின்னால் வரும் தையலுக்கு உண்டு. நூலின் இறுக்கத்தை ஒரு படி தளர்த்துவதற்கும், உருண்டை முனை ஊசி வாங்குவதற்கும் பெரிய முதலீடு வேண்டாம். பல தலைமுறைக் குழந்தைகள் கரடுமுரடான தையலோடுதானே வளர்ந்தன என்று சமாதானம் சொல்பவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. வளர்ந்தன, சரி. திருத்துவதற்கு இவ்வளவு குறைந்த செலவுதான் என்று தெரிந்த பிறகு, உறுத்துவதை அப்படியே விடுவதற்கு வேறு நியாயம் இல்லை.

தையல் பழகுபவர்கள் முதல் சட்டையைத் தைக்கும் முன் அதே துணியில் ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு துண்டுகளை இணைத்துப் பார்க்கட்டும். அதைத் துணி போகும் தூரம் வரை இழுக்கட்டும். தையல் முதலில் நின்றுவிட்டால் அது இறுக்கம். துணியோடு சேர்ந்து போய், விட்டதும் சேர்ந்து திரும்பினால் சரி. பிறகு அதைத் திருப்பிப் போட்டு, விரலால் அல்ல, கன்னத்தில் தேய்த்துப் பார்க்கட்டும். வேலை செய்து காய்த்த விரல் இதற்கு நல்ல சாட்சி ஆகாது. கடையில் வாங்குபவர்களும் விலைச்சீட்டைப் பார்த்த கையோடு ஆடையின் உள்பக்கத்தை ஒருமுறை வெளியே இழுத்துப் பார்க்கலாம். கழுத்தைச் சுற்றியிருக்கும் தையலை இரண்டு கையாலும் விரித்துப் பார்க்கலாம். வாங்கிவந்த சாக்ஸையும் கையுறையையும் ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் உட்புறம் திருப்பிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.